எட்டு சதவீதக் கொழுப்பு தரும் நீலகிரி எருமை

கிழக்கேகோட்டையிலும் சாலை பஜாரிலும் விடிகாலையில் டீக்கடை முன் நிற்கும் நம்மவர்கள், "ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்றுதான் கேட்பார்கள். டீத்தூள் எவ்வளவு தூக்கலாக விழுந்தாலும், அதில் சேருவது பெரும்பாலும் பாக்கெட் பால்தான். டோன்டு பால் என்றால் அதில் கொழுப்பு 3 சதவீதம். பசும்பாலில் சுமார் நாலு. நல்ல எருமைப் பாலில் ஏழு வரை வரும். எட்டு சதவீதம் கொழுப்புள்ள பால் தரும் எருமை இனம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஊருக்குப் போய் அதை வாங்கி வந்து கட்டலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீலகிரி மலையை விட்டு அது இறங்குவதில்லை.

அதுதான் தோடா எருமை. நீலகிரியின் ஆதிகுடிகளான தோடர்கள் வளர்ப்பதால் அந்தப் பெயர்.

எருமை என்றாலே கறுப்பு, எமனின் வாகனம் என்பது நம் வழக்கம். தோடா எருமை அப்படியல்ல. மான் நிறமாக இருக்கும், அல்லது சாம்பல் பூத்திருக்கும். நீண்ட உடல், அகன்ற மார்பு, குட்டையான உறுதியான கால்கள். கொம்புகள் தலையின் இரு பக்கமும் வெகுவாக விலகிப் புறப்பட்டு, பிறை போல வளைந்து, நுனி உள்நோக்கித் திரும்பும். உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம். "எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி" என்று திட்டுகிறோமே, உதகையின் மழையிலும் உறைபனியிலும் வெட்டவெளியில் நிற்க வேண்டிய பிராணிக்கு அந்தத் தடித்த தோலும் ரோமமும் எவ்வளவு பெரிய வரம்!

கட்டுத்தறி கிடையாது

இதன் குணம் பாதி காட்டு மிருகத்தின் குணம். மூக்கணாங்கயிறு இல்லை, பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு என்று தீனியும் பழக்கமில்லை. காலையில் புல்வெளிக்குப் போகும், மாலையில் தானே பட்டிக்குத் திரும்பும். வளர்ப்பவரிடம் பசு போல நிற்கும். அந்நியர் என்று தெரிந்தால் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முட்ட வரும்.

தோடர்கள் மாமிசம் உண்ணாதவர்கள். பால், மோர், வெண்ணெய், நெய், மோரில் வேக வைத்த சோறு இவையே அவர்களுடைய பழைய உணவு. விவசாயம் செய்யாமல், நெய்யைக் கொடுத்து படுகர்களிடம் தானியமும் கோத்தர்களிடம் மண்பாண்டமும் இரும்புச் சாமான்களும் பெற்று வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கோயிலும் பால் கடையும் இடமும் ஒன்றுதான். புனித எருமைகளின் பாலைக் கறப்பதும் கடைவதும் பூசாரியின் வேலை; பெண்கள் அங்கே நுழைவதில்லை. எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதற்கென்றே தனிச் சடங்கு உண்டு. 1901-02-ல் மலையில் தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட நூலில், எருமைகளுக்கு வைக்கும் பெயர்களையும் எந்தக் குலத்துக்கு எந்தப் புனித மந்தை என்பதையும் எழுதி வைத்தார். தோடர் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூலால் போடும் பூவேலையிலும் எருமைக் கொம்பு ஒரு சித்திரம். அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கணக்குப் பார்த்தால்...

கணக்கு எழுதும் நம் குமாஸ்தா நண்பர்கள் இங்கே பென்சிலை எடுக்கலாம். தோடா எருமை ஓர் ஈற்றுக்குக் கறப்பது சுமார் 500 கிலோ பால்தான். அரியானாவின் முர்ரா, சுருட்டை கொம்பும் கரிய உடலுமாக நாடெங்கும் பேர் வாங்கிய எருமை, 1,500 முதல் 2,000 கிலோ வரை கறக்கும். தோடாவின் 500 கிலோவில் உள்ள கொழுப்பு 40 கிலோ. முர்ராவின் 1,500 கிலோவிலேயே, ஏழு சதவீதம் என்று வைத்தாலும், 105 கிலோ. எட்டு சதவீதம் என்று நாம் பெருமைப்பட்டாலும் மொத்த வரவில் தோடா தோற்றுத்தான் போகிறது. குடும்பஸ்தன் எதை வாங்குவான் என்று கேட்கத் தேவையில்லை.

ஆனால் முர்ராவுக்குத் தீனி வாங்க வேண்டும், கொட்டகை வேண்டும். தோடாவுக்கு வேண்டியது புல்வெளி மட்டும். அந்தப் புல்வெளிதான் பறிபோனது. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகு வெள்ளைக்காரர்களின் வீடுகளும் தோட்டங்களும் வந்தன. பிறகு தேயிலை; அதன் பின் தைல மரமும் சீகை மரமும் பைன் மரமும். சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்து கிடந்த மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாயிற்று. எஞ்சிய இடத்தில் புலி வேறு எருமைகளை அடிக்கிறது. இளைஞர்கள் உத்தியோகத்துக்கும் காய்கறி விவசாயத்துக்கும் போவதை யார் குறை சொல்ல முடியும்? 2011 கணக்கெடுப்பில் தோடர்களே சுமார் 2,000 பேர்தான். எருமைகளும் சில ஆயிரங்களைத் தாண்டா. மந்தை சிறுத்து, நல்ல கடாக்கள் குறையும்போது நெருங்கிய உறவுக்குள்ளேயே கன்று பிறக்கிறது; இனம் மெலிய அதுவும் ஒரு வழி.

வேச்சூர் சொல்லும் சேதி

இப்படி விளிம்புக்குப் போன இனம் மீளுமா? நாம் பிழைக்க வந்த கேரளத்திலேயே சான்று இருக்கிறது. வைக்கத்தை அடுத்த வேச்சூரின் குட்டைப் பசு, மூன்றடி உயரம்தான். கலப்பின மாடுகளைப் பெருக்கும் வேகத்தில், 1961-ல் வந்த கால்நடை அபிவிருத்திச் சட்டத்துக்குப் பின் நாட்டுக் காளைகளை விதையடிப்பது கட்டாயமாக, அது இல்லாமலே போகும் நிலை வந்தது. 1989-ல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, கிடைத்த சில மாடுகளை மண்ணுத்தியில் வைத்துப் பெருக்கினார்கள். அந்த அம்மையாருக்கு 2022-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தோடா எருமைக்கும் அரசு முயற்சி இல்லாமல் இல்லை. உதகை அருகே சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மந்தை வளர்க்கப்படுகிறது. ஆனால் வேச்சூர் பசுவைப் போல இதை ஒரு தென்னை மரத்தடியில் கட்டி வளர்க்க முடியாது. மேய்ச்சல் நிலத்தை மீட்காமல் எருமையை மட்டும் மீட்பது எப்படி என்பதுதான் சிக்கல்.

லீவில் குடும்பத்தோடு உதகைக்குப் போகிறவர்கள், தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள தோடர் மந்து வரை நடந்து போகலாம். வழியில் எருமைகளைக் கண்டால் போட்டோவுக்காகப் பிள்ளைகளை அருகில் நிறுத்த வேண்டாம். அவற்றுக்கு நாம் அந்நியர்கள்தான்.