இம்ப்ளான்ட் வைக்கும் முன் ஈறுகளைக் கவனியுங்கள்

லஸ் கார்னரில் இறங்கி மந்தைவெளிப் பக்கம் நடந்தாலும் சரி, பனகல் பார்க்கை ஒரு சுற்று சுற்றினாலும் சரி, அடையாறு காந்தி நகர்த் தெருக்களுக்குள் நுழைந்தாலும் சரி, பல் மருத்துவமனைப் பலகைகளில் ‘இம்ப்ளான்ட்’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. பல் செட்டைக் கழற்றி ராத்திரி தம்ளரில் போட்டு வைத்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, தாடை எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூவைப் பதித்து அதன் மேல் பல் கட்டிக்கொள்கிறது. நல்ல சிகிச்சைதான். நன்றாக மென்று சாப்பிட முடிவது வயதானவர்களுக்குப் பெரிய வரம்.

ஆனால் போகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள். எவ்வளவு ஆகும்? எந்த கம்பெனி ஸ்க்ரூ? எத்தனை நாளில் பல் வரும்? ‘என் ஈறும் எலும்பும் இதைத் தாங்குமா டாக்டர்?’ என்று கேட்பவர்கள் குறைவு. ஸ்க்ரூ பல வருடம் நிற்குமா, சீக்கிரமே ஆடத் தொடங்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. முதலில் பல் ஏன் போனது என்று யோசித்துப் பாருங்கள். அடிபட்டுப் போயிருந்தால் அது வேறு. ஈறு நோய் வந்து ஆடி ஆடி விழுந்தது என்றால், பல் போனதோடு நோய் போய்விடவில்லை. பக்கத்துப் பற்களைச் சுற்றி அது அப்படியே இருக்கிறது. புது ஸ்க்ரூவையும் அதே கிருமிகள் சூழ்ந்துகொள்ளும்.

எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கும் விதம்

1952-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்து ரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருந்தது. இன்றைய இம்ப்ளான்ட் சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் அவர் பதித்த ஸ்க்ரூக்கள், 2006-ல் லார்சன் இறக்கும் வரை நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்தன.

ஸ்க்ரூவின் உறுதி இரண்டு கட்டமாக வருகிறது. பதித்த அன்று இருப்பது வெறும் இறுக்கம். எலும்பில் துளையிட்டுத் திருகும்போது கிடைக்கும் பிடி அது. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டியானது, அங்கே பிடி நன்றாகக் கிடைக்கும். மேல்தாடையின் பின்பகுதி மென்மையானது, அதற்கு மேலேயே சைனஸ் அறையும் இருக்கிறது. அங்கே கூடுதல் கவனமும் கூடுதல் காலமும் தேவை.

அடுத்த கட்டம்தான் உண்மையான பிடிப்பு. துளையிட்டபோது நசுங்கிய பழைய எலும்பை உடம்பு கரைத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டுகிறது. பழையது கரைந்து, புதியது இன்னும் முழுதாகக் கெட்டிப்படாத மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஸ்க்ரூவின் உறுதி முதல் நாளைவிடக் குறைந்திருக்கும். வலி போய்விட்டதே என்று முறுக்கையும் சீடையையும் அந்தப் பக்கம் கடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் கடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

உறுதியை அளக்கக் கருவி இருக்கிறது. ஸ்க்ரூவின் தலையில் காந்தம் வைத்த சிறு முளை ஒன்றைப் பொருத்தி, பேனா அளவுள்ள கருவியை அருகில் காட்டுவார்கள். தொடவே தொடாது, காந்தத் துடிப்பால் முளையை அதிரவைத்து 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணைக் காட்டும். 70-க்கு மேல் வந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. 60-க்குக் கீழே என்றால் மேலே பல் கட்ட அவசரப்படக் கூடாது. இரண்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லும் மருத்துவரைவிட, கேட்ட தேதியில் கட்டித் தருகிறேன் என்பவர் கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம்.

சொந்தப் பல்லும் ஸ்க்ரூவும் ஒன்றல்ல

நம் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குக்கும் குறைவான தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. அதன் நார்கள் வேருக்குள் குத்தி நிற்பதால் ஈறு பல்லை இறுகப் பிடித்திருக்கும், கிருமி சுலபத்தில் இறங்காது. ஸ்க்ரூவுக்கு அந்த நார்த்திசு கிடையாது. சுற்றியுள்ள ஈறும் அதை ஒட்டித்தான் நிற்கிறது, பிணைந்து நிற்பதில்லை. ஆகவே அங்கே வரும் தொற்று வேகமாக எலும்பை எட்டிவிடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆடும் சொந்தப் பல் ஈறு சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு இறுகலாம். எலும்பில் பிடிப்பை இழந்து ஆடும் ஸ்க்ரூ மீண்டும் ஒட்டாது, எடுக்கத்தான் வேண்டும். மேலே கட்டிய பல் மட்டும் ஆடினால் பயப்படத் தேவையில்லை. உள்ளே இருக்கும் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கலாம், முறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். எது ஆடுகிறது என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நாட்களைக் கடத்தாதீர்கள்.

வலிக்காத நோய்

ஈறு நோயில் மோசமான அம்சம், அது வலிக்காது என்பதே. பல் தேய்க்கும்போது எச்சிலில் கொஞ்சம் ரத்தம், காலையில் வாய் நாற்றம், பற்களுக்கு நடுவே இடைவெளி, இவ்வளவுதான். புகை பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூடச் சரியாக வராது. ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போவதால் நோய் உள்ளே மறைந்தே முற்றும்.

மருத்துவர் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்குவார். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்லது. நான்கு, ஐந்து, ஏழு என்று இறங்கினால் அங்கே பை விழுந்திருக்கிறது, அடியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அளந்து குறித்துக்கொள்வார்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை, இருந்தாலும் எக்ஸ்ரேயோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இதுதான்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட பல்லைக் காரைதான் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. ஆட்டத்துக்குக் காரணம் நோய்தான்.

சர்க்கரையும் ஈறும்

சென்னைக்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இது. கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001-ல் இந்த நகரத்தில் 26,001 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. அதே நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதாவது ஏழு பேரில் ஒருவர்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும், புண் ஆறத் தாமதமாகும், ஸ்க்ரூவைப் பிடிக்க வேண்டிய புது எலும்பும் சரியாக வளராது. கண், சிறுநீரகம், நரம்பு என்று நீளும் நீரிழிவின் பாதிப்புப் பட்டியலில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று ஈறு நோய் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் லோ 1993-லேயே எழுதினார். 2018-ல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஈறு நோய் வேகமாக முற்றும் வகையில் சேர்க்கப்படுகிறது.

பாதை எதிர்த்திசையிலும் உண்டு. ஈறுப் பைகளிலிருந்து ஓயாமல் ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருட்கள், இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு சிகிச்சை செய்தபோது, மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாகச் சுமார் 0.4 புள்ளி குறைந்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். மாத்திரையைக் கூட்டாமலே கிடைக்கும் இந்தப் பலனைச் சர்க்கரை நோயாளிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்ற ஒரு கேள்வியையும் அங்கே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதயம், கர்ப்பம்: எதுவரை நம்பலாம்?

ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ரத்தக் குழாய்க் கொழுப்புப் படிவிலேயே ஈறுக் கிருமிகளின் தடயம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் ஈறு நோய்தான் மாரடைப்புக்குக் காரணம் என்றோ, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பு வராது என்றோ நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் தெளிவாகச் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு ஈறு சிகிச்சை பாதுகாப்பானது என்று 2006-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது, குறைப்பிரசவம் அதனால் குறையவில்லை. பயமுறுத்தி விற்கப்படும் சிகிச்சையை ஏற்க வேண்டாம். ஈறுகளைக் கவனிக்கச் சர்க்கரையும் பல்லும் மட்டுமே போதுமான காரணங்கள்.

மாத்திரை டப்பாவை எடுத்துச் செல்லுங்கள்

பிரஷருக்காகப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின், சிலருக்கு ஈறுகளைத் தடிக்க வைத்துப் பல்லை மூடிவிடும். வலிப்புக்கான பெனிடாயினும் அப்படியே. மாத்திரையை மாற்ற முடியுமா என்று அதை எழுதிக் கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யலாம். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஊசியோ எடுத்தவர்கள், தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புகையிலையை நிறுத்துங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அதற்கு உதவ தனிப் பிரிவே இருக்கிறது.

வைத்த பிறகு

இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது, அதனால் பராமரிப்பும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் சுற்றிய ஈறு சிவந்து ரத்தம் கசிந்தால் அது முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு மீட்பது கடினம். பல் இடுக்குக்கான சின்ன பிரஷை ராத்திரி தவறாமல் பயன்படுத்துங்கள். ஈறு நோய் இருந்தவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுங்கள்.

தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்கள், 1953-ல் தொடங்கப்பட்டு கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறுகளைக் காட்டலாம்.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும், விலைப் பட்டியலுக்கு முன் இரண்டு காகிதங்கள் உங்கள் கையில் இருக்கட்டும்: ஒவ்வொரு பல்லின் ஈறு ஆழத்தையும் எழுதிய அட்டை, சமீபத்திய எச்பிஏ1சி ரிப்போர்ட். இரண்டையும் பார்க்காமல் ஸ்க்ரூ வைக்கத் தேதி கொடுத்தால், இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.