திருமலைக் காட்டின் கூம்புச் செடி

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்கள் ஊர் திரும்பும் வழியில் திருப்பதிக்குச் சென்று வருவது வழக்கம். மலையேறும் அவர்களுள் மிகச் சிலரே அம்மலைத்தொடரின் அரிய செடியொன்றை அறிந்திருப்பர். சைக்கஸ் பெட்டோமி என்பது அதன் பெயர். சென்னை மாகாணத்து வன அதிகாரியாயிருந்த பெட்டோம் என்பாரின் நினைவாக 1883இல் டையர் என்னும் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். முன்னர் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2022 முதல் தனி மாவட்டமாகிவிட்ட திருப்பதியை ஒட்டிய குன்றுகளே இதன் தாயகமாகும்.

பார்வைக்குக் குட்டைப் பனை போலிருப்பினும், இது பனையினத்தைச் சேர்ந்ததன்று. பைன், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்களைப் போலவே என்றும் பசுமையாயிருப்பது. பூவாமலும் கனியாமலும் விதையைத் திறந்தபடி தாங்குவது. ஆயினும் இதன் ஆண் கூம்பை மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என்றே விற்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்றே உறுத்துகிறது. பூவே இல்லாத செடிக்கு எப்படியோ பூவென்ற பெயர் வாய்த்துவிட்டது!

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கூம்பின் மகரந்தம் பெண் செடியைச் சேர்ந்தாலன்றி முளைக்கத்தக்க விதை உண்டாகாது. கூம்புகளை வெட்டிச் சென்றவர்கள் மரத்தை வெட்டவில்லை. மரம் பசுமையாகவே நின்றது. ஆனால் அருகிலிருந்த பெண் செடி மலடாயிற்று. காட்டுத்தீ பரவினால் முதிர்ந்த தண்டு மீண்டும் தழைக்கும்; இளங்கன்றோ கருகிவிடும். இவ்விரண்டும் சேர்ந்தபோது அடுத்த தலைமுறைக்கு வழியேது?

இனி, விதையிலிருந்து வளர்க்கும் முறையைக் காண்போம். சைக்கஸ் விதை உதிரும்போது அதனுள்ளிருக்கும் கரு முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. ஆகவே விதைத்த மறுவாரமே மண்ணைக் கிளறிப் பார்ப்பதில் பயனில்லை. முளைப்பதற்குச் சில மாதங்கள் ஆகும். வெளிச்சதையை நீக்கிக் கழுவி, ஆற்றுமணல் மிகுதியாகக் கலந்த மண்ணில், பாதி புதையுமாறு விதையைக் கிடையாக வைக்க வேண்டும். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், நீர் தேங்கலாகாது. முதலில் ஆணிவேர் ஆழமாக இறங்கும். பின்னரே ஒற்றை இலை தலைகாட்டும். எனவே தொட்டி ஆழமானதாயிருத்தல் நன்று. விதையில் நச்சுப்பொருள் உண்டு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைத்தல் அவசியம். கன்று ஆணா பெண்ணா என்பது, பல ஆண்டுகள் கழித்துக் கூம்பு விடும்போதுதான் தெரியவரும்.

திருமலை விதையைத் தேடி நேயர்கள் காட்டுக்குள் செல்ல வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இச்செடியைக் காக்கிறது. பன்னாட்டு வாணிப உடன்படிக்கையும் இதை மிகக் கடுமையான முதற் பட்டியலில் சேர்த்துள்ளது. நாற்றங்கால்களில் கிடைக்கும் ஜப்பானிய சைக்கஸ் விதையை இதே முறையில் நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வளர்க்கலாம்.