காபி சூடா இருக்கு... ஆள் எங்கே? 1959-லேயே தனிமையை வைத்து மிரட்டிய டிவி தொடர்!

அடுப்பில் காபி கொதிக்கிறது. ஜூக்பாக்ஸில் பாட்டு ஓடுகிறது. காவல் நிலையத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சுருட்டு இன்னும் புகைகிறது. ஆனா, அந்த ஊரில் ஒரு மனுஷன்கூட இல்லை.

அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1959 அக்டோபர் 2-ம் தேதி 'தி ட்வைலைட் ஸோன்' தொடர் இப்படித்தான் ஆரம்பித்தது. எழுத்தாளர் ராட் செர்லிங் முதல் கதையில் பேயையும் காட்டவில்லை, வேற்றுக்கிரகவாசியையும் காட்டவில்லை. தனிமையை மட்டுமே காட்டினார். முதல் எட்டு வாரங்களுக்குள் வந்த மூன்று கதைகள் இன்றும் பேசப்படுவது ஏன்? பார்க்கலாம். (கதைகளின் முடிவும் கீழே உள்ளது.)

484 மணி நேரம், 36 நிமிடம்

ஆளில்லாத ஊரில் அலையும் அந்த இளைஞருக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. கடைசியில், சாலையைக் கடக்க உதவும் சிக்னல் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே உதவி கேட்டுக் கதறுகிறார்.

உண்மையில் அவர் இருந்தது ஒரு சின்னப் பெட்டிக்குள். நிலவுக்குப் போகும் பயணத்தை ஒரு ஆள் தாங்குவாரா என்று விமானப்படை நடத்திய சோதனை அது. 484 மணி நேரம் 36 நிமிடம், அதாவது 20 நாட்களுக்கும் மேல் தனியாக இருந்ததில், அவரது மனமே அந்த ஊரைக் கட்டிவிட்டது.

இது வெறும் கற்பனையா?

இல்லை. 1958 பிப்ரவரியில் டெக்சாஸில், டொனால்ட் ஃபாரெல் என்ற விமானப்படை வீரர் விண்கல மாதிரிக்குள் 7 நாட்கள் தனியாக இருந்தார். அதற்கும் முன்பு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், கண்ணையும் கையையும் மூடிக்கொண்டு சும்மா படுத்திருக்க மாணவர்களுக்கு தினம் 20 டாலர் கொடுத்தார்கள். சுலபமான சம்பளம்தானே? ஆனா, பெரும்பாலானோர் 2, 3 நாட்களைத் தாண்டவில்லை. சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிய ஆரம்பித்தன.

துணைக்கு ஒரு ரோபோ

நவம்பர் 13-ம் தேதி வந்த 'தி லோன்லி' கதையில், பூமியிலிருந்து 90 லட்சம் மைல் தொலைவில் உள்ள விண்கல்லில் ஒரு கைதி தனியாக அடைக்கப்படுகிறார். பரிதாபப்பட்ட கேப்டன் ஒருவர், அலிசியா என்ற பெண் ரோபோவைக் கொடுத்துவிட்டுப் போகிறார். முதலில் அவளை வெறுக்கும் கைதி, பிறகு காதலிக்கிறார்.

11 மாதத்தில் விடுதலை வருகிறது. ஆனா, கப்பலில் அவர் 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோ அளவு சாமான் மட்டுமே ஏற்றலாம். அலிசியாவை விட்டு வர மறுக்கிறார் கைதி. கேப்டன் அவள் முகத்தில் சுட, உள்ளே வெறும் ஒயர்கள்! ஏஐ சாட்பாட்டிடம் பலர் மனம்விட்டுப் பேசும் இந்த நேரத்தில், அந்தக் காட்சி வேறு மாதிரி உறுத்துகிறது. அவர் அனுபவித்த துணை பொய்யா?

உடைந்த கண்ணாடி

நவம்பர் 20-ல் வந்த 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' கதையின் நாயகன் ஒரு வங்கி ஊழியர். புத்தகம் படிக்க மனைவியும் விடமாட்டார், மேனேஜரும் விடமாட்டார். குண்டு வெடித்து உலகமே அழிய, பெட்டக அறையில் இருந்ததால் இவர் மட்டும் தப்பிக்கிறார். எதிரே நூலகம், கை நிறைய நேரம். குனிந்து ஒரு புத்தகத்தை எடுக்கும்போது மூக்குக் கண்ணாடி விழுந்து உடைகிறது.

கண்ணாடி உடைவது யாருக்கும் நடக்கும். அதை மாற்றிக் கொடுக்க ஒரு கடைக்காரர்கூட மிச்சமில்லை என்பதுதான் சோகம். மனிதர்களே வேண்டாம் என்று நினைத்தவருக்கு, எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது.

அப்போ, மூன்றும் சொல்வது என்ன?

மூன்று பேருக்கும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கூப்பிட்டால் 'என்ன?' என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செவ்வாய் வாழ்க்கைக்கு ஒத்திகையாக ஹூஸ்டனில் 2023 ஜூன் முதல் 378 நாட்கள் நாசா நடத்திய சோதனையில், பூட்டிய வீட்டுக்குள் அனுப்பப்பட்டது ஒருவர் அல்ல, நான்கு பேர். அந்த சிக்னல் பட்டனை அழுத்தியவர் கேட்டதும் அதைத்தான்: பக்கத்தில் இன்னொரு ஆள்.