இரவிற் கதவைத் தட்டிய துறவி

குருவானவர் ஒருவர் தம் சபையாரின் இல்லங்களுக்குச் சென்று நலம் விசாரிப்பது இக்காலத்தில் யாவரும் அறிந்த வழக்கம். வாசலில் வரவேற்பு நிகழும். விறாந்தையில் ஆசனம் இடப்படும். பிள்ளைகள் ஆசி பெற்றுச் செல்வர். ஆனால், கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரை வீட்டினுள் ஏற்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பட்ட காலமும் இலங்கையில் இருந்தது. அக்காலத்திலே, அயல்நாட்டிலிருந்து வந்து, வீடு வீடாகச் சென்று தம் மக்களைத் தேடிய ஒருவரின் அனுபவங்கள் அறியத்தக்கவை. அவர் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார்.

ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர் உயிரிழக்க நேரும் என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. தேவாலயங்கள் சீர்திருத்த சபையின் வசமாயின. இதன் பின்னணியில் அரசியலும் இருந்தது. கத்தோலிக்கக் குருவானவர் எவரையும் போர்த்துக்கேயரின் ஒற்றராகவே ஒல்லாந்தர் எண்ணினர். இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், ஞானஸ்நானம் பெற்ற ஆயிரக்கணக்கானோர் குருவானவர் இன்றி வாழ்ந்தனர்.

1651ஆம் ஆண்டிற் பிறந்த யோசப் வாஸ், இம்மக்களின் நிலையைக் கேள்வியுற்று மனம் வருந்தினார். குருவானவருக்குரிய உடையைக் களைந்து, கூலியாள் போல வேடம் பூண்டு, யோவான் என்னும் ஊழியர் ஒருவருடன் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து, 1687ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். வந்ததும் கொடிய வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. அறிமுகமற்ற பட்டினத்திலே ஆதரவின்றிக் கிடந்த அவர், இரக்கமுள்ள பெண்ணொருவர் கொடுத்த கஞ்சியாற் பிழைத்தார் என்று அவரது வரலாறு கூறும்.

உடல் தேறியதும் பெரியதொரு சிக்கல் அவர் முன் நின்றது. யாரிடம் போய்த் தம்மை யார் என்று சொல்வது? எல்லாரும் வெளிப்பார்வைக்கு அரசினரின் சபைக்குச் சென்று வந்தனர். உள்ளத்தில் யார் கத்தோலிக்கர் என்பதை முகத்தைப் பார்த்து அறிய இயலாது. தவறான ஒருவரிடம் வாய் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும். எனவே அவர் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சை ஏற்பவராகப் படலைதோறும் சென்றார். வாயாற் சொல்ல முடியாததை அம்மாலை சொல்லிற்று. அதைக் கண்டு சிலர் முகம் திருப்பினர். சிலருடைய கண்கள் அதிலேயே நிலைத்து நின்றன. அக்கண்களை அவர் நினைவில் வைத்துக்கொண்டார். வீட்டாரும் எளிதில் நம்பிவிடவில்லை. வந்தவர் அரசினரின் வேவுகாரனாக இருந்தால் என் செய்வது என்னும் ஐயம் அவர்களுக்கும் இருந்தது. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் சோதித்தறிந்த பின்னரே கதவு திறந்தது.

கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து இரவு வேளைகளிற் புறப்பட்டு, வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றார். பாவசங்கீர்த்தனம் கேட்டல், பூசை நிறைவேற்றுதல், நோயாளரைச் சந்தித்தல், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தல் ஆகிய யாவும் பொழுது புலருமுன் நிறைவேற வேண்டியிருந்தன. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் தமிழைக் கற்று, மக்களின் மொழியிலேயே அவர்களுடைய துயரங்களைக் கேட்டார்.

ஆயினும், இத்தகைய சந்திப்புக்கு ஒரு விலை இருந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், பூசைக்காகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்து பிடித்தனர். அடிகளார் அவர்கள் கையிற் சிக்கவில்லை. பிடிபட்டவர்களுட் சிலர் கசையடிக்கு உள்ளாயினர். ஒருவர் உயிர் துறந்தார். வேறு சிலர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். தேடி வந்தவர் தப்பினார். கதவு திறந்தவர்கள் துன்புற்றனர். தம்மை வரவேற்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் உயிரைப் பணயம் வைக்கிறது என்பதை அந்நிகழ்ச்சி ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று. அடுத்த ஆண்டில் அவர் ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

குருவானவர் வந்து போகும் சில மணி நேரத்தை மட்டும் நம்பி ஒரு சபை உயிர்வாழ முடியாது. ஆகவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் ஆகிய பொறுப்பாளர்களை அவர் ஒழுங்குபடுத்தினார். செபங்களை நடத்துதல், சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுதல், மரணத் தறுவாயில் இருப்போருக்குத் துணை நிற்றல் ஆகியன அவர்களுடைய கடமைகளாயின. குருவானவர் இல்லாத மாதங்களில் சபையைக் காத்தவர்கள் இவர்களே.

1692ஆம் ஆண்டில் அவர் கண்டி மாநகரை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்னும் பழி அங்கும் அவரைத் தொடர்ந்தது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆணைப்படி காவலில் வைக்கப்பட்டார். காவலிலிருந்த காலத்தைச் சிங்களம் கற்பதற்குப் பயன்படுத்தினார். அவர் தேடிச் செல்ல முடியாத நிலையில், அந்நகரின் கத்தோலிக்கர் சிறிது சிறிதாக அவரைத் தேடி வரலாயினர். 1697ஆம் ஆண்டில் வைசூரி நோய் பரவியபோது, கைவிடப்பட்டுக் கிடந்த நோயாளரை அவரும், அவரது மருகரான மற்றொரு குருவானவரும் தேடிச் சென்று, கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். அப்போது நோயாளியின் சமயம் எது என்று அவர்கள் வினவவில்லை. பௌத்த மன்னனின் நன்மதிப்பு அவர்களுக்குப் பெருகியது.

ஒல்லாந்தரின் தலைமை நகராகிய கொழும்புக்கும் அவர் மாறுவேடத்தில் இரகசியமாகச் சென்று, தம் மக்களைச் சந்தித்து மீண்டார். கோவாவிலிருந்து வேறு குருமாரும் வந்து அவருக்குத் துணை நின்றனர். 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் திகதி கண்டியில் அவர் காலமானார்.

2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலிலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். மறைந்து வந்து சென்ற அதே நகரிற் பட்டப்பகலில் அவர் பெயர் ஒலித்தது. அவருக்கு அன்று கதவு திறந்துவிட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அவர்களுடைய துணிவு இல்லையேல், அவர் தட்டிய கதவுகள் மூடியே இருந்திருக்கும்.