பாண்டி பஜாரில் ஓர் இருக்கை

சென்னையில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுள் தியாகராய நகர்க் கடைத்தெருவை அறியாத குடும்பம் இருப்பது அரிது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடையா, மகளின் திருமணத்துக்குப் பட்டுச் சேலையா, சிறுவனின் புதுநன்மைக்கு வெண்ணிற உடையா, எதுவாயினும் "தி. நகருக்குப் போய் வரலாம்" என்பதே வீட்டில் எழும் முதற்பேச்சு. ஆயினும், வாங்க வேண்டியவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விரைகின்ற நாம், அக்கடைத்தெருவின் வரலாற்றையோ, அங்கே நமக்காக உழைப்பவர்களையோ நின்று நோக்குவது குறைவு. இம்முறை அவ்விரண்டையும் காண்பதற்காகவே செல்வோம்.

ஏரி இருந்த இடம்

இன்று மக்கள் வெள்ளம் பாயும் இந்நிலத்தில் நூறாண்டுகளுக்கு முன் நீர் நிறைந்து கிடந்தது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை பரந்திருந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்', அதாவது நீண்ட ஏரி, என்று அழைத்தனர். பெருகி வந்த மக்களுக்குக் குடியிருப்புகள் தேவைப்பட்டபோது, நீதிக்கட்சி ஆட்சி நடத்திய 1920-களில் அந்த ஏரி தூர்க்கப்பட்டுப் புதிய நகர் எழுந்தது. சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கி 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1921 முதல் 1926 வரை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரை அதன் நடுவிலுள்ள பூங்கா தாங்கி நிற்கின்றது.

வீடுகளைத் தொடர்ந்து வணிகமும் வந்தது. காஞ்சிபுரத்து நெசவாளரான நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் இங்கே பட்டு வணிகத்தைத் தொடங்கினார். 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கவே, மாம்பலம் நிலையத்தில் இறங்கிக் கடைக்கு வருவோர் தொகையும் வளர்ந்தது. அன்று தொடங்கிய அவ்வழக்கம் இன்றும் மாறவில்லை. மாம்பலம் நிலையத்திலிருந்து தி. நகர்ப் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளமுள்ள நடைமேம்பாலம் 2023-இல் திறக்கப்பட்டுள்ளது. எனினும், இரயிலை விட்டிறங்கி ரங்கநாதன் தெருவின் நெரிசலில் புகுந்து, உஸ்மான் சாலை வழியே பனகல் பூங்காவை அடைவதையே விரும்புவோர் இன்றும் உளர்.

பெயரில் உறையும் மனிதர்

பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே செல்லும் தியாகராய சாலையே பாண்டி பஜார். 'சௌந்தரபாண்டியனார் அங்காடி' என்பது அதன் முறையான பெயர். அப்பெயரே மக்கள் நாவில் சுருங்கிப் 'பாண்டி பஜார்' ஆயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம்.

யார் இந்தச் சௌந்தரபாண்டியனார்? பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், 1893-இல் பிறந்து 1953-இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுப்பது பல முதலாளிகளின் வழக்கமாக இருந்தது. காசு கொடுத்தும் அம்மக்களுக்கு இடம் கிடையாது. ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். வேண்டுகோளுக்கு இணங்காத கதவுகள் அந்த ஆணைக்குத் திறந்தன.

மனிதனுக்கு மனிதன் சமமாக அமர்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்று போராடியவரின் பெயரை ஒரு கடைத்தெரு தாங்கி நிற்கின்றது. அப்பெயரை மனத்திற்கொண்டு அக்கடைகளுக்குள் நுழைவோமாயின், நம் கண்ணில் படாதிருந்த ஒன்று படத் தொடங்கும்.

நடைபாதையும் கடையும்

பல்லாண்டுகளாகப் பாண்டி பஜாரின் அழகே அதன் நடைபாதைக் கடைகள்தாம். வளையல், பொட்டு, கைக்குட்டை, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என எளியோரின் கைக்கு எட்டிய விலையில் எல்லாம் கிடைத்தன. ஆனால், நடப்போருக்கு வழியில்லை என்ற முறையீடும் உடன் எழுந்தது. வழக்குகள் நடந்தன. முடிவில், 2013-இல் நடைபாதை வணிகர்கள் அதே சாலையில் கட்டப்பட்ட பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். தெருவோரத்தில் நடப்பவரின் கண்ணில் பட்டே பிழைத்து வந்தவர்களுக்கு மாடி ஏறி வரும் வாடிக்கையாளரைத் தேடுவது எளிதன்று. அடுத்த ஆண்டே, 2014-இல், தெருவோர வணிகரின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

2019 நவம்பரில் இச்சாலை அகன்ற நடைபாதைகளுடன் புத்துருப் பெற்றது. முதியோர் களைப்பாற இருக்கைகளும் அமைக்கப்பட்டன. பைகளைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் பாட்டிமாரைக் காண்பது மகிழ்ச்சியே. வாங்க வந்தவர்களுக்கு அமர இடம் கிடைத்தது. விற்பவர்களுக்கு?

காலையிலிருந்து நிற்பவர்கள்

பழைய ஜவுளிக் கடைகளை நம்முள் மூத்தோர் நினைவுகூர்வர். ஜமுக்காளமோ மெத்தையோ விரித்திருக்கும். கடைக்காரரும் அமர்ந்திருப்பார், வந்தவரும் அமர்வார். அமர்ந்தபடியே சேலை விரியும், பேரம் நடக்கும். கண்ணாடிப் பேழைகளும் நீண்ட மேசைகளும் மாடிமேல் மாடியும் வந்தபோது வணிகம் வளர்ந்தது. ஊழியர் எழுந்து நின்றார். அதன்பின் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இக்கடைகளில் பணிபுரிவோருள் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஆவர். வீட்டை விட்டு வந்து, விடுதியில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள். ரங்கநாதன் தெருவில் உழைக்கும் இத்தகையோரின் வாழ்வை 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் ஊரறியச் செய்தது. நாள் முழுதும் நிற்பதால் கால் வீக்கமும் முதுகுவலியும் வருகின்றன. நாளடைவில் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொள்கின்றன. விழாக் காலத்தில் வேலை நேரம் நீளும்போது துன்பமும் நீள்கின்றது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று பிரிட்டனில் 1899-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைசெய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பில் ஒன்றுகூடி, அமரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு 2021 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. பணியினிடையே ஓய்வு வாய்க்கும்போது அமர்ந்துகொள்ள, ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி இருத்தல் வேண்டும் என்பதே அத்திருத்தம். பேருந்தில் அமரும் உரிமைக்கு ஆணையிட்டவரின் பெயர் தாங்கிய கடைத்தெருவுக்கு, விற்பவர் அமரும் உரிமை வந்து சேர ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

நம் பங்கு

சட்டம் நாற்காலியைத் தரலாம். அதில் அமரும் துணிவைத் தருவது யார்? முதலாளிக்கு அதில் முதற்பொறுப்பு உண்டு. வாடிக்கையாளரான நமக்கும் சிறுபங்கு உண்டு. நாம் வரும்போது ஒரு பெண் அமர்ந்திருந்தால், "வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளே" என்று முகம் சுளிக்கின்றோமா? கடை அடைக்கும் வேளையில் நுழைந்து நாற்பது சேலைகளை விரிக்கச் செய்து, ஒன்றும் வாங்காமல் எழுந்து வருகின்றோமா? அளவுக்கு மீறிய உழைப்பால் உடலையும் உள்ளத்தையும் தேயச் செய்வது அநீதி என்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளரைக் குறித்து எழுதிய சுற்றுமடலில் எடுத்துரைத்தார். அது ஆலைகளுக்கு மட்டும் சொன்ன சொல் அன்று.

ஆகவே, அடுத்த முறை பாண்டி பஜாருக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். அத்தெருவின் பெயருக்குரியவர் யார் என்று அவர்களுக்குச் சொல்வோம். விழா நெருங்கும்வரை காத்திராமல் முன்னதாகவே சென்று, தேவையானதைத் தெளிவாகக் கேட்போம். விரித்துக் காட்டிய தங்கைக்கு ஒரு நன்றி சொல்வோம். அவள் நம்மைக் கண்டு பதறி எழ முற்பட்டால், "இரும்மா, அவசரமில்லை" என்று சொல்வோம். அதற்குக் காசு செலவாகாது. ஆனால் அவளுடைய கால்கள் அதன் மதிப்பை அறியும்.