தோல் கறுத்தால் தள்ளிப் போடாதீர்கள்

டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த என் அக்காவின் தொடையில் ஒரு நாள் வலை பின்னியது போல ஊதா நிறத் தடம் தெரிந்தது. தொட்டாலே துடித்தாள். "எங்கேயாவது இடிச்சிருப்பே அக்கா" என்று நான்தான் சொன்னேன். இரண்டே வாரத்தில் அந்த இடம் கறுத்துப் புண்ணாயிற்று. 'கால்சிஃபிலாக்சிஸ்' என்றார் டாக்டர்.

சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் பாஸ்பரஸ் கூடும்; கால்சியத்தின் கணக்கும் தப்பும். தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய தமனிகளின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து குழாய் குறுகுகிறது, இரத்தம் உறைகிறது. இரத்தம் கிடைக்காத தோல் மடிகிறது. இப்பெயரைச் சூட்டிய ஹான்ஸ் செல்யே, எலிகளில் செய்த சோதனைகளைப் பற்றி 1962-இல் ஒரு நூலே எழுதினார்.

அபூர்வமான நோய்தான், ஆனால் புண்ணில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோய், உடல் பருமன், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை ஆகியவை அபாயத்தைக் கூட்டும். (மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.) புண்ணைப் பராமரித்து, டயாலிசிஸைக் கூட்டி, சோடியம் தயோசல்ஃபேட் மருந்தை இரத்தத்தில் ஏற்றிப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை.

அக்கா பிழைக்கவில்லை. அந்த இரண்டு வாரம் இன்றும் என்னை உறுத்துகிறது. உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், தோலில் வலியோடு தடம் கண்ட அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.