எட்டாக் காட்டின் அருவிகள்

ஜொகூர் என்றதும் செம்பனைத் தோட்டங்களும் தொழிற்பேட்டைகளும் சிங்கப்பூர் எல்லையில் நீளும் வாகன வரிசையுமே பலரின் நினைவுக்கு வரும். அம்மாநிலத்தின் வடக்கே, பகாங் எல்லையை ஒட்டி, வேறொரு ஜொகூர் இருக்கிறது. அதுதான் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்கா. எண்டாவ், ரொம்பின் என்னும் ஈராறுகளின் பெயர்களே இணைந்து பூங்காவின் பெயராயின. ஜொகூர்ப் பகுதி மட்டும் ஏறத்தாழ 49,000 ஹெக்டர் பரப்புடையது.

அங்குச் செல்வது எளிதன்று. குளுவாங் மாவட்டத்தின் காஹாங் சிற்றூரிலிருந்து பெத்தா நுழைவாயிலுக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தொலைவு. செம்பனைத் தோட்டங்களைக் கடந்து காட்டுக்குள் நுழையும் இவ்வழிக்கு நான்கு சக்கர இயக்க வாகனமே ஏற்றது. மழை பெய்துவிட்டால் பயண நேரத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாது. மேற்கே, பெக்கோக் வழியாகச் செலாய் என்னும் மற்றொரு நுழைவாயிலும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் பெருக்கெடுப்பதால், ஆண்டிறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குப் பூங்கா மூடப்படும்.

பெத்தாவில் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜாக்குன் பூர்வக்குடியினரின் கிராமம் உள்ளது. பூங்கா என்ற சொல் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இக்காடு அவர்களின் வாழிடம். அருவியை அவர்கள் ‘தாக்கா’ என்பர். செலாய்ப் பகுதியின் தாக்கா திங்கி, தாக்கா பண்டான் ஆகிய அருவிகளின் பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. வருகையாளர்களுக்கு வழிகாட்டிகளாகச் செல்வோரில் பலரும் இம்மக்களே.

ஜாசின் ஆறு எண்டாவ் ஆற்றுடன் கலக்கும் இடம் குவாலா ஜாசின். அங்கிருந்து ஜாசின் ஆற்றை ஒட்டி மேல்நோக்கி நடந்தால் உப்பே குலிங், பத்து ஹம்பார், புவாயா சங்குட் ஆகிய அருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்குள்ள பாறைகள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைகள் கக்கிய சூடான சாம்பல் இறுகி உருவானவை. மிகவும் கடினமான இப்பாறையை ஆற்றால் ஒரே சீராக அரிக்க முடிவதில்லை. வெடிப்புகள் உள்ள இடங்களில் மட்டும் குடைந்து இறங்குகிறது. எஞ்சிய இடங்களில் படிபடியாகத் தாவி விழுகிறது. உப்பே குலிங்கில் பாறைமேல் குளியல்தொட்டிகளைப் போன்ற குழிகள் பல உள்ளன. உளி கொண்டு செதுக்கியவை போல் தோன்றினாலும் அவை நீரின் வேலைதான். சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்துவிட்டன. புவாயா சங்குட் என்றால் ‘சிக்கிக்கொண்ட முதலை’ என்று பொருள். முதலை ஒன்று பாறையிடுக்கில் மாட்டிக் கல்லாகிப் போனது என்கிறது அங்கு வழங்கும் கதை.

இவ்வருவிகளின் அழகில் ஓர் ஆபத்தும் உண்டு. அருவியடியில் வெயில் காயும்போதே மலையுச்சியில் கனமழை பெய்துகொண்டிருக்கலாம். அந்நீர் சில நிமிடங்களில் பேரலையாகத் திரண்டு இறங்கும். மலாய் மொழியில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளைப் பொருட்படுத்தாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வழிகாட்டி “ஏறுங்கள்” என்று சொன்னபின் நின்று காரணம் கேட்பதற்கு நேரமிராது.

இக்காடு தானாகவே தப்பிப் பிழைத்துவிடவில்லை. 1977-இல் பகாங் பகுதியில் வெட்டுமரத் தொழிலுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஆனாலும், காக்கப்பட வேண்டியது எதுவென்று யாரிடமும் முழுமையான கணக்கு இல்லை. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் அப்போதைய மலாயா இயற்கைக் கழகம் அறிவியலாளர்களையும் தொண்டூழியர்களையும் திரட்டி இக்காட்டுக்குள் ஆய்வுப் பயணம் மேற்கொண்டது. உலகம் அதுவரை அறியாத உயிரினங்கள் பதிவாயின. இக்காட்டின் மேட்டுநிலங்களில் வளரும் விசிறிப்பனை ஒன்றுக்கு 1987-இல் எண்டாவ் ஆற்றின் பெயரைக் கொண்டே அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அதன் விரிந்த ஓலை நமக்குப் பழக்கமான பனையோலையை நினைவூட்டும். நிலமும் காடும் மாநில அதிகாரத்திற்குட்பட்டவை என்பதால், ஜொகூர் தனக்கெனச் சட்டம் இயற்றி 1993-இல் தன் பகுதியைத் தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியிட்டது. பகாங் தன் பகுதியை மாநிலப் பூங்காவாக வைத்துக்கொண்டது.

அந்த ஆய்வு நடந்த காலத்தில் சுமத்ரா காண்டாமிருகத்தின் முக்கியப் புகலிடங்களுள் ஒன்றாக எண்டாவ்-ரொம்பின் கருதப்பட்டது. 2019-இல் மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் சபாவில், மனிதர் பராமரிப்பில் இறந்தது. யானை, புலி, தெனுக்கு ஆகியவை எண்டாவ்-ரொம்பினில் இன்னும் உலவுகின்றன. ஆனால், வேட்டையாடுவோர் மறைத்து வைக்கும் கம்பிக் கண்ணி எந்த விலங்கென்று பார்ப்பதில்லை. மானுக்கு வைத்ததில் புலியின் காலும் சிக்கும். வனக்காவலர்கள் காட்டுத் தடங்களில் நடந்து அக்கண்ணிகளைத் தேடித் தேடி அகற்றி வருகின்றனர்.